வால்வு திறப்பவருக்கு

பாலம் கேம்ப், ஒரிசா
12.8.1993

அன்புத் தங்கை உண்ணாமலைக்கு அண்ணன் முருகையன் எழுதுவது. நான் சௌக்கியம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? நீ கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று ஊருக்கும் கேம்புக்குமாக ஆள் கூட்டிப் போய்வரும் ராமதாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொந்த அண்ணனுக்கு ஊரான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? டீச்சரம்மா ஆனதும் திமிர் வந்துவிட்டது.

என்ன வேலை என்று அவனிடம் கேட்டனுப்பியிருந்தாய். நம் பக்கத்தில் கிணறு வெட்டுவது போலத்தான், ஆனால் ஆற்றுக்கு நடுவில். பாலத்தின் தூணுக்காகப் பெரிய கான்கிரீட் கிணறு ஒன்றைக் கவிழ்த்து வைத்த சொம்பு மாதிரி ஆற்றுக்குள் இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்க கம்ப்ரசரால் காற்றை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். காற்று தண்ணீரைத் தள்ளி நிறுத்தும். நாங்கள் அடியில் நின்று பாறை உடைப்போம்.

அங்கே நேராக இறங்க முடியாது. நடுவில் ஒரு இரும்பு அறை இருக்கிறது. கூண்டு என்று சொல்கிறோம். அதில் எங்களை அடைத்து, மேல்கதவைச் சாத்தி, காற்றை ஏற்றுவார்கள். காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் விட்டுவிடும். பிறகு அடிக்கதவு திறக்கும். திரும்பி வரும்போதும் அதே கூண்டில் உட்கார வேண்டும். வெளியே ஒருவன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றை இறக்குவான். அவன் இறக்கி முடித்தால்தான் மேல்கதவு திறக்கும்.

கீழே போனால் எல்லோருக்கும் குரல் மூக்கால் பேசுவது போல ஆகிவிடுகிறது. விசில் அடித்தால் வருவதில்லை. நம் எதிர்வீட்டுக் காசி அண்ணனுக்கு அடி அண்ணாமலையில் எத்தனை பெரிய தொண்டை! இங்கே அவர் அதட்டினால் சிரிப்புத்தான் வருகிறது. நம் பக்கத்து ஆட்கள் பதினொரு பேரும் ஒரே கொட்டகையில் இருப்பதால் ஊர் ஞாபகம் அவ்வளவாக இல்லை.

அம்மாவிடம் சொல்லி ராமதாஸிடம் நொச்சித் தைலம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு. எனக்கு இல்லை. காசி அண்ணனுக்கு முட்டியில் கொஞ்சம் வலி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.
முருகையன்

அடி அண்ணாமலை
30.8.1993

அண்ணாவுக்கு உண்ணாமலையின் வணக்கம். நாங்கள் சுகம். அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, உன் மேல் இருக்கிற கோபம்தான் வடியவில்லை. ஆற்றுக்கு அடியில் வேலை என்று நான் படித்துக் காட்டியதிலிருந்து தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "எம் புள்ள தண்ணிக்குள்ள மூச்சு வுடுறான்"னு சொல்லி அழுகிறாள்.

தைலம் யாருக்கு? எதிர்வீட்டுக் கன்னியம்மா அண்ணியிடம் போய், காசி அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அவருக்கா? போன வாரம்தான் லெட்டர் வந்துது. கல்லாட்டம் இருக்கேன்னு எழுதியிருக்காரே"ன்னாங்க. ஆக வலிப்பது யாருடைய முட்டி? உனக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை. அம்மா இரண்டு பாட்டில் காய்ச்சியிருக்கிறாள். ஒன்று உனக்கு. இன்னொன்றை உன் பொய்க்காகக் காசி அண்ணனுக்குக் கொடு.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள். அஸ்திவாரம் தோண்ட ஆள் கிடைக்கவில்லை என்று பஸ்ஸில் தினமும் புலம்புகிறார்கள். பாறை உடைக்கத் தெரிந்தவன் பாறை மேலேயே பிறந்துவிட்டு ஒரிசா வரை போகவேண்டுமா? வந்துவிடேன். எனக்கு மனசே சரியில்லை, ஏன் என்றும் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உண்ணாமலை

பாலம் கேம்ப்
28.9.1993

டீச்சரம்மாவுக்கு அண்ணனின் ஆசீர்வாதம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க அண்ணாமலையார் துணை.

சரி, வலி என் முட்டியில்தான். ஆனால் தைலம் வந்தது, வலி போனது. அம்மாவிடம் சொல். மேலே இருக்கும்போது விண்விண்ணென்று தெறிக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கினால் பத்து நிமிடத்தில் போன இடம் தெரியவில்லை. மேலே வந்தால் சில நாள் மறுபடி வரும். மறுபடி தேய்த்துக்கொண்டு இறங்கினால் போய்விடும். கூண்டு முழுக்க இப்போது நொச்சி வாசனைதான். ஒரிசாக்காரர்கள்கூடக் கையை நீட்டுகிறார்கள். இன்னும் நாலு பாட்டில் அனுப்பச் சொல்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று ஒரு கூத்து நடந்தது. கோலி சோடா ஆறு பாட்டில் கீழே கொண்டுபோனோம். விரலை வைத்து அழுத்தினால் கோலி சத்தமே இல்லாமல் உள்ளே விழுகிறது. நுரை இல்லை, சுள்ளென்று இல்லை, வெறும் தண்ணீர். சோடாக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே காசி அண்ணன் மூன்று பாட்டில் குடித்தார். வேலை முடிந்து கூண்டில் உட்கார்ந்தோம். காற்று இறங்க இறங்க அவர் வயிறு எழும்பிக்கொண்டே வந்தது. லுங்கி முடிச்சை அவிழ்த்துவிட்டு அவர் விட்ட ஏப்பத்தில் இரும்பே அதிர்ந்தது. அவருக்கு ஏற்கெனவே தொந்தி. நாங்கள் சிரித்த சிரிப்பில் முட்டி வலியே மறந்துவிட்டது.

கூண்டில் ஐம்பது நிமிடம் உட்கார வேண்டும் என்று சுவரில் காகிதம் ஒட்டியிருக்கிறது. பசி வேளையில் யார் உட்காருவார்கள்? கத்துகிற கத்தலில் முப்பது நிமிடத்தில் திறந்துவிடுவார்கள்.

ஒரு நல்ல செய்தி. இந்த வாரத்திலிருந்து நான் கீழே இறங்க வேண்டியதில்லை. எட்டாவது படித்தவன், கடிகாரம் பார்க்கத் தெரிந்தவன் என்று மேலேயே உட்கார்ந்த இடத்தில் வேலை கொடுத்துவிட்டார்கள். அம்மா இனிமேல் அழ வேண்டாம்.

இப்படிக்கு, தொந்தி இல்லாத அண்ணன்
முருகையன்

அடி அண்ணாமலை
20.10.1993

அண்ணா, வணக்கம். நலம் விசாரிப்பை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

நேற்றுப் பத்தாம் வகுப்பில் கரைசல்கள் பாடம். கோலி சோடா ஒன்றை வாங்கிக்கொண்டு போய் உடைத்துக் காட்டினேன். பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். உன் சோடாக் கதையையும் சொன்னேன். ஆற்றுக்கு அடியில் அழுத்தம் ஜாஸ்தி, அதனால் சோடாவில் இருந்த வாயு வெளியே வராமல் தண்ணீரிலேயே கரைந்து நின்றது, மேலே வர வர அழுத்தம் குறைந்து வயிற்றுக்குள் பொங்கியது என்றேன். கரும்பலகையில் "அழுத்தம் கூடினால் வாயு கூடுதலாகக் கரையும்" என்று எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. நான்கு மணி நேரம் அந்தக் காற்றைத்தானே நீங்கள் சுவாசிக்கிறீர்கள்? அது எதில் கரையும்? உங்கள் ரத்தத்தில்தானே?

மீதிப் பாடம் எடுக்க முடியவில்லை. பெல் அடித்ததும் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி, காலேஜில் எனக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த மேடத்தின் வீட்டுக்கே போய்விட்டேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நான் நினைத்தது சரிதான். உன் வலியை எடுத்தது தைலம் இல்லை. ரத்தத்திலும் மூட்டிலும் குமிழியாக நின்ற காற்று, கீழே போனதும் அழுத்தத்தில் மறுபடி கரைந்துவிடுகிறது. அதனால்தான் வலி போகிறது. மேலே அவசரமாக வந்தால் மறுபடி குமிழியாகிறது. இந்த முறை முட்டி. அடுத்த முறை முதுகுத்தண்டாக இருக்கலாம், மூளையாக இருக்கலாம். ஆள் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறது, அண்ணா.

கரையவும் நேரம் வேண்டும், வெளியேறவும் நேரம் வேண்டும். கீழே எவ்வளவு அதிக நேரம் இருந்தீர்களோ அவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும். சோடாவை இடித்து உடைத்தால் பொங்கும், குலுக்கிவிட்டு உடைத்தால் இன்னும் பொங்கும். ஆகவே வெளியே வந்ததும் ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. இந்தக் காற்று கொழுப்பில் கூடுதலாகக் கரையுமாம். காசி அண்ணனிடம் குறிப்பாகச் சொல்.

உனக்கு மேலேயே வேலை என்பது ஒன்றுதான் ஆறுதல். என்ன வேலை என்று எழுதவில்லையே, ஸ்டோரா? எதுவானாலும் மற்றவர்கள் இறங்குகிறார்களே. இதனுடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். வால்வு திறக்கிற ஆளிடம் கொடு. தமிழ் தெரியாதவர் என்றால் யாரையாவது விட்டுப் படித்துச் சொல்லு.

அம்மாவிடம் தைலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் அடிப்பாள். அவள் கேட்பது ஒன்றுதான். கார்த்திகை தீபத்துக்கு நீங்கள் யாரும் ஊரில் இல்லை. மலையில் ஏற்றுகிற அதே நேரத்தில், சரியாக ஆறு மணிக்கு, பதினொரு பேரும் அங்கே ஒரு தீபம் ஏற்ற வேண்டுமாம். தவறாமல் செய்யுங்கள்.

நலமாக இரு. தயவுசெய்து இரு.
உண்ணாமலை

(உள்ளே வைத்த சீட்டு)

வால்வு திறப்பவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆற்றுக்குள் இறங்குகிற ஆட்களில் ஒருவரின் தங்கை நான். உள்ளே இருப்பவர்கள் கத்தினால் திறந்துவிடுகிறீர்களாம். அவர்களுக்குத் தெரியாது, பசியில் கத்துகிறார்கள். ஆனால் சுவரில் ஐம்பது நிமிடம் என்று ஒட்டியிருப்பது சும்மா இல்லை. அதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காதீர்கள். அந்தக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர்களுடைய கால், கை, உயிர் எல்லாம் உங்கள் ஒரு கையில் இருக்கிறது. உங்களுக்கும் வீட்டில் ஒரு தங்கை இருப்பாள் என்று நம்பி எழுதுகிறேன்.

உண்ணாமலை

பாலம் கேம்ப்
9.11.1993

தங்கைக்கு. அம்மாவும் நீயும் சுகமா? இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கிறது.

உன் சீட்டு வால்வுக்காரனிடம் சேர்ந்துவிட்டது. படித்தான். ஒன்றுக்கு மூன்று தரம் படித்தான். ஆள் கெட்டவன் இல்லை, நம் பக்கத்துக்காரன்தான். அதிலிருந்து ஐம்பது நிமிடம் வைக்கிறான். எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் முட்டி வலி என்று சொல்கிறவர்கள் கம்மியாகிவிட்டார்கள். நீ எழுதியது உண்மைதான்.

தீபத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை. அதிகம் எழுத முடியவில்லை.

முருகையன்

அடி அண்ணாமலை
5.12.1993

அண்ணாவுக்கு வணக்கம். நலமா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. பதில் வந்தால்தானே?

தீபத்தன்று மாலை மாடியில் நின்றோம். ஆறு மணிக்கு மலையில் ஜோதி தெரிந்ததும் அம்மா வடக்கே திரும்பிக் கும்பிட்டாள். ஒரிசா எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டு வைத்திருந்தாள். நீங்களும் ஏற்றினீர்களா? எங்கே ஏற்றினீர்கள்? யார் ஏற்றினார்கள்? நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

கன்னியம்மா அண்ணிக்கும் லெட்டர் இல்லை. காசி அண்ணன் மாதம் இரண்டு போடுகிறவர். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டத்துக்கு மோர் ஊற்றிக்கொண்டே, தபால்காரர் சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் டம்ளரை நிரப்பி வழிய விடுகிறார். நானும் அப்படித்தான் இருக்கிறேன். வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு நாளாகத் தப்பாகப் போடுகிறேன். ராத்திரி படுத்தால் எழுந்து உட்காருகிறேன்.

ஒரு கார்டு போடு. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது.
உண்ணாமலை

அடி அண்ணாமலை
22.12.1993

அண்ணா,

வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. நேற்று கன்னியம்மா அண்ணிக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார். நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. காசி அண்ணனுக்குத் தீபத்தன்று பக்கவாதம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். அண்ணி அழவில்லை. "வாதமா? முப்பத்தெட்டு வயசு ஆளுக்கு வாதமா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

வாதமாம்! ஒரு பக்கம் விழுந்தால்தானே பக்கவாதம்? எனக்குத் தெரியும் அது என்னவென்று. உனக்கும் தெரியும். மூன்று வாரமாக நீ வாயை மூடிக்கொண்டிருப்பதன் காரணமும் இதுதான்.

அந்த வால்வுக்காரனிடம் சீட்டைக் கொடுத்தேன் என்றாய். மூன்று தரம் படித்தான் என்றாய். படித்த பிறகுமா திறந்தான்? தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். இவன் தெரிந்தே செய்திருக்கிறான். அந்தக் கை விளங்காமல் போகட்டும். இதை அப்படியே அவனிடம் படித்துக் காட்டு. அவன் யார், எந்த ஊர், பெயர் என்ன என்று எழுது. கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தே போய் மனு கொடுக்கிறேன். அவனை நான் விடப்போவதில்லை.

நீ உடனே கிளம்பி வா.
உண்ணாமலை

பாலம் கேம்ப்
8.1.1994

தங்கைக்கு.

பெயர் முருகையன். ஊர் அடி அண்ணாமலை. வால்வில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். செப்டம்பரில் கொடுத்த உட்கார்ந்த வேலை அதுதான். உன் சீட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. அது என் பெயருக்குத்தான் வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில், ஊருக்கு வந்து நேரில் பெருமையாகச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ எழுதியதைப் படித்த பிறகு பயம். அதற்கு முன்னால் முப்பது நிமிடத்தில் எத்தனை பேரை வெளியே விட்டிருக்கிறேன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றிலிருந்து ஐம்பது நிமிடம் வைத்தேன். அது மட்டும் சத்தியம். ஒரே ஒரு நாள் தவிர.

தீபத்தன்று காலையிலிருந்தே கொட்டகையில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பாறை கொட்டிய மேட்டின் உச்சியில் ஒரு இரும்புச் சட்டி வைத்து, வேட்டித் துணியில் திரி திரித்து வைத்திருந்தோம். ஐந்து மணிக்கு மேலே வரவேண்டியவர்கள். கீழே ஒரு பாறை சாய்ந்து நின்றதால் ஐந்து நாற்பதுக்குத்தான் கூண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழு பேர், எல்லோரும் நம் ஆட்கள். இரும்பில் சுத்தியலால் தட்டினார்கள். கூண்டுக்குள் ஒரு போன் உண்டு. அதில் காசி அண்ணன், "முருகையா, ஆறு மணிக்கு மலையில ஏத்திடுவாங்கடா. இன்னிக்கு ஒரு நாள் வுட்டுடுடா"ன்னார். அண்ணாமலையார் பெயரைச் சொல்லிக் கேட்டார். எனக்கும் ஆசை. அதை மறைக்க மாட்டேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும், சாமி காரியம்தானே என்று நினைத்தேன். பதினைந்து நிமிடத்தில் முழுவதும் திறந்துவிட்டேன்.

கதவு திறந்ததும் நெய் டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் முதலில் ஓடியது அவர்தான். ஓடாதீர்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு ஏற்றினோம். அரோகரா போட்டோம். ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரை மணி கழித்து எல்லோரும் கீழே இறங்கப் புறப்பட்டோம். அவர் மட்டும் எழவில்லை. "காலைக் காணோம்டா"ன்னு சிரித்தார். விளையாடுகிறார் என்று நாங்களும் சிரித்தோம்.

இப்படி ஆனவர்களைத் திரும்பக் காற்றழுத்தத்தில் வைத்துக் காப்பாற்ற ஒரு சின்ன இரும்பு அறை கேம்பில் உண்டு. ஓடிப்போய்த் திறந்தால் உள்ளே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தது. மூட்டைகளை எடுத்து, குழாய் மாட்டி, அவரை உள்ளே படுக்க வைக்க மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே போனதும் வலது கால் விரல் அசைந்தது. நாள் போகப் போக அந்தக் கால் கொஞ்சம் வந்தது. இடது கால் வரவில்லை. அந்த மூன்று மணி நேரமும் அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

டாக்டர் வாதம் என்று எழுதிவிட்டார். நான் பெரிய இன்ஜினியரிடம் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை அடித்து மாற்றினார்கள். என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. நானே முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்குச் சமையல்கட்டில் இருந்த ஆளை வால்வில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் கணக்கை முடிக்க பிப்ரவரி பாதி ஆகுமாம். முடிந்ததும் ரயிலேறி வந்து காசி அண்ணன் காலில் விழுகிறேன். அவரை அதற்கு முன்பே துணைக்கு ஆள் போட்டு அனுப்புகிறார்கள்.

நீ விட்ட சாபம் சரியான ஆளுக்குத்தான் வந்து சேர்ந்தது.

முருகையன்

அடி அண்ணாமலை
27.1.1994

அண்ணா,

பத்து நாளாக உன் கடிதத்தைப் புடவை மடிப்பிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கை உன் கை என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அப்படியானால் வேறு யார் கையாக இருந்தாலும் எழுதலாமா என்று என்னையே கேட்கிறேன்.

இன்னொன்றை நீ எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாய். சரியாக ஆறு மணிக்கு, தவறாமல் செய்யுங்கள் என்று எழுதியது யார்? நான். ஐம்பது நிமிடத்தில் ஒரு நிமிடம் குறைக்காதே என்று எழுதிய அதே இரவு, அதே உறையில். அம்மா கேட்டாள் என்று சொல்லித் தப்பிக்கலாம். பேனா என்னுடையது.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காசி அண்ணன் வந்துவிட்டார். காரிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். தொந்தி எல்லாம் கரைந்துபோய் ஆள் பாதியாக இருக்கிறார். கன்னியம்மா அண்ணி கேட்டால், "என்னா ஆச்சுன்னே தெரியல"ன்னு மட்டும் சொல்கிறார். உன் பெயரையே எடுப்பதில்லை. நான் தனியாக இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஒரு தரம் கீழ எறக்கிட்டா கால் வந்துடும் உண்ணாமலை. நீ படிச்சவ, அவங்களுக்கு எழுதிப் போடும்மா"ன்னார். நாளாகிவிட்டது, இது இனிமேல் கரையாது, நரம்பே செத்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து மாட்டுக் கொட்டாயில் நின்று அழுதேன்.

நீ வா. யார் என்ன சொன்னாலும் வா. வேங்கிக்காலில் மண் வெட்டினாலும் போதும், எனக்கு நீ கண்ணெதிரில் இருக்க வேண்டும்.

உன் தங்கை
உண்ணாமலை

அடி அண்ணாமலை
3.2.1994

முருகையா, கன்னியம்மா சொல்ல உன் தங்கச்சி எழுதுது. ஒரு எழுத்துக்கூட மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கிறேன்.

இங்க அவரு இருக்காரு. சோறு துன்றாரு. செவுத்தப் புடிச்சிக்கினு நாலடி நடக்கிறாரு. உன் ஒடம்பு எப்படியிருக்குதுன்னு நான் கேக்கல. கேக்க மனசு வரல.

முந்தாநேத்து உன் தங்கச்சி வந்து அழுதுக்கினே உன் லெட்டரப் படிச்சிக் காட்டிச்சி. நான் ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். அப்புறம் அவருகிட்ட போயி, "நீதான் தொறக்கச் சொன்னியா"ன்னு கேட்டேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு. அதுவே போதும் எனக்கு.

உம்மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்யி. நீ இப்ப என் வாசல்ல வந்து நின்னா தொடப்பக்கட்டதான் எடுப்பேன். காலுல வுழுறேன்றியே, வுழுந்தா அந்தக் காலு வந்துடுமா?

ஒண்ணு கேக்கிறேன். நீ வந்துட்டா அந்த வால்வுல யாரு குந்துவான்? சோறாக்குறவன்னு எழுதியிருக்கிற. அவனுக்கு என்னா தெரியும்? உள்ள இருக்கிறவன் கத்தினா தொறந்து வுடுவான். நாளைக்கு அவனவன் ஊர்ல எதனா ஒரு திருவிழா வந்துக்கினேதான் இருக்கும். உள்ள இருக்கிறவனுக்கெல்லாம் எங்கியோ ஒரு வூட்ல என்னாட்டம் ஒருத்தி குந்தியிருக்கா. தன் கையால தொறந்து வுட்டுட்டு என்னா ஆச்சுன்னு கண்ணால பாத்தவன் அங்க நீ ஒருத்தன்தான். நீதான் குந்தணும். கத்தட்டும், ஒதைக்கட்டும், சாமி பேரச் சொல்லிக் கேக்கட்டும். நானே வந்து கேட்டாலும் தொறக்காத. அந்தப் பாலம் முடியற வரைக்கும் நீ ஊருக்கு வரக்கூடாது.

இதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

சொன்னது கன்னியம்மாள்.

எழுதியது உண்ணாமலை. போன வாரம் வா என்று எழுதினேன், இன்று வராதே என்று எழுதுகிறேன். அண்ணி என்னை மறுபடி படிக்கச் சொல்லி, விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் உறையை ஒட்ட விட்டார். எனக்கு நீ வேண்டும், அண்ணா. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு தப்பும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாலம் கேம்ப்
11.3.1994

அம்மாவுக்கும் தங்கைக்கும் முருகையனின் வணக்கம். இருக்கிறேன். இந்தக் கார்டைக் கன்னியம்மா அண்ணியிடம் படித்துக் காட்டு.

நேற்று சிவராத்திரி. சாயங்காலம் கூண்டுக்குள் ஒன்பது பேர், எல்லோரும் ஒரிசாக்காரர்கள். கோயிலுக்குப் போகவேண்டும் என்று போனில் கெஞ்சினார்கள். பிறகு இரும்பில் தட்டினார்கள். பிறகு திட்டினார்கள். போனைக் கீழே வைக்காமல் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டே வால்வில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தைந்து நிமிடம் வைத்தேன். கதவு திறந்ததும் முதலில் வந்தவன் என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். விட்டுவிட்டு நடந்து போனான். ஒன்பது பேரும் நடந்துதான் போனார்கள்.